பம்ப் ஒழுகியது எல்லோருக்கும் தெரியும், முதலாளியைத் தவிர

கேள்வி:

மன்னார்குடி பக்கம் எங்களுக்கு ஒரு நவீன அரிசி ஆலை இருக்கிறது. ஒரு நாளைக்கு 40 டன் நெல் அரைக்கலாம். 38 பேர் வேலை பார்க்கிறார்கள், அதில் 12 பேர் பீகார்க்காரர்கள். அப்பா 31 வருஷம் நடத்தினார். அவருக்கு பைபாஸ் ஆனதும் சென்னையில் சாஃப்ட்வேர் வேலையை விட்டுவிட்டு நான் வந்துவிட்டேன். இரண்டு வருஷம் ஆகிறது. எனக்கு வயது 33.

அப்பா எதற்கெடுத்தாலும் சத்தம் போடுவார். பொருள் சேதமானால் கூலியில் பிடித்துவிடுவார். ஆட்கள் பயந்து நடந்தார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. திருச்சியில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போனபோது ‘சர்வன்ட் லீடர்ஷிப்’, அதாவது சேவைத் தலைமை பற்றிச் சொன்னார்கள். மனசில் பட்டது. அதிலிருந்து மதியம் ஆட்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறேன். லாரியில் லோடு ஏற்றும்போது நானும் மூட்டை பிடிக்கிறேன். டீ, வடை ஆலைச் செலவு. எல்லாம் முறையாக இருக்கட்டும் என்று சனிக்கிழமைக் கூலியை நிறுத்தி, மாதம் 10ஆம் தேதி வங்கிக் கணக்கில் சம்பளம் போட ஏற்பாடு செய்தேன்.

பலன் ஒன்றுமில்லை. தீபாவளிக்குப் பிறகு மூன்று பேர் காரணம் சொல்லாமல் நின்றுவிட்டார்கள். ஒருவர் 17 வருஷமாக ஷெல்லர், அதாவது நெல்லில் உமி எடுக்கிற மெஷின், ஓட்டியவர். ஐப்பசி மழையில் ஒருநாள் ராத்திரி 2 மணிக்கு சுடுதண்ணீர் பம்ப் நின்றுபோய், ஊறல் தொட்டியில் இருந்த நெல் புளித்துவிட்டது. அந்த அரிசி இரண்டு லோடு கும்பகோணத்திலிருந்து வாடை அடிக்கிறது என்று திரும்பி வந்தது. பம்ப் நாலு நாளாக ஒழுகியது பாய்லர்காரருக்குத் தெரியுமாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், “சொன்னா எந்தலையிலதான தம்பி விடியும்” என்கிறார். தினமும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன் நான்!

“நீ குனிஞ்சா தலையில ஏறி உக்காருவானுங்கன்னு அன்னிக்கே சொன்னேன்” என்கிறார் அப்பா. இந்தச் சேவைத் தலைமையால் தொழிலுக்கு உண்மையிலேயே லாபம் உண்டா, இல்லை பயிற்சி வகுப்போடு சரியா? நானும் அப்பா வழிக்கே போய்விடட்டுமா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கேள்விக்குப் பதிலை நீங்களே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். பாய்லர்காரர் சொன்ன அந்த ஒரு வரிதான் பதில். அதை நன்றிகெட்டதனம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் போலத் தெரிகிறது. எனக்கு அது கணக்குத் தெரிந்தவர் பேச்சாகப் படுகிறது.

அவர் இடத்தில் உட்கார்ந்து யோசியுங்கள். பம்ப் சீல் ஒழுகுகிறது. சொன்னால், ‘நீ எப்படி ஓட்டினாய், ஏன் ஒழுகுகிறது’ என்ற விசாரணை முதலில் வரும். தப்பு அவர் மேல் என்று முடிந்தால் கூலியில் பிடித்தம். சொல்லாமல் இருந்தால், அடுத்த ஷிஃப்டில் கெட்டுப்போகட்டும் என்று நாளைத் தள்ளலாம். 31 வருஷமாக இந்த ஆலை அவருக்குக் கற்றுக்கொடுத்த பாடம் இது. நீங்கள் வந்ததும் டீயும் வடையும் சேர்ந்தன. பிடித்தம் போனதாக உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை. இரண்டாவது பத்தியில் அப்பாவின் பழக்கம் என்று எழுதிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். நீங்கள் எடுத்துவிட்டேன் என்று சொல்லாத வரைக்கும் அது இருக்கிறது என்றுதான் அவர் நினைப்பார்.

பம்ப் ஒழுகியது பாய்லர்காரருக்குத் தெரியும். ஊறல் தொட்டி பார்க்கிற பையனுக்கும் தெரிந்திருக்கும். மேஸ்திரி காதில் அரைகுறையாக விழுந்திருக்கும். தெரியாத ஒரே ஆள், அதைச் சரிசெய்யப் பணமும் அதிகாரமும் கையில் வைத்திருக்கிற நீங்கள். ஓர் ஆயிரம், இரண்டாயிரம் ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய சமாச்சாரம் இரண்டு லோடு அரிசியைத் தின்றுவிட்டது. சேவைத் தலைமையின் லாபம் எங்கே வருகிறது என்று கேட்டீர்களே, முக்கால்வாசி இங்கேதான் வருகிறது. கெட்ட செய்தி முதலாளி காதுக்கு நாலு நாள் முன்னதாக வந்து சேரும். மிச்சத்தை நான் இதற்குப் பிறகுதான் வைப்பேன்.

‘சேவைத் தலைமை’ என்று தமிழில் எழுதினாலே ரத்த தான முகாம் நினைவுக்கு வருகிறது. பாதிக் குழப்பம் அந்தச் சொல்லால்தான். இந்தப் பேச்சைத் தொடங்கிவைத்த ராபர்ட் கிரீன்லீஃப் சாமியார் இல்லை. அமெரிக்காவில் ஏ.டி. அண்ட் டி. என்ற பெரிய தொலைபேசி நிறுவனத்தில் 1926 முதல் 1964 வரை 38 வருஷம் வேலை பார்த்த மனிதர். ஓய்வுபெற்ற பிறகு 1970இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தலைவன் நல்லவனா என்று அவர் கேட்கவில்லை. அவனுக்குக் கீழே இருக்கிறவர்கள் வளர்கிறார்களா, தாமாக முடிவெடுக்கிற அளவுக்கு ஆகிறார்களா, எல்லோருக்கும் கடைசியில் கிடக்கிறவனுக்கு இதனால் என்ன ஆகிறது என்று கேட்டார்.

கடைசியில் கிடக்கிறவன் என்றதும் எனக்கு நம்மூர் கடைமடைதான், வாய்க்கால் தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேருகிற வயல்தான், ஞாபகம் வருகிறது. மேட்டூரில் தண்ணீர் திறந்து கல்லணைக்கு வந்து, வெண்ணாற்றில் இறங்கி, நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் பிரிந்து பாமணியில் உங்கள் ஊருக்கு வருகிறது. அப்போது கரையோடு நடந்து போகிற பாசன லஸ்கரைச் சின்ன வயதில் பார்த்திருப்பீர்கள். அவர் யார் வயலிலும் இறங்கி நாற்று நடுவதில்லை. மதகில் சிக்கிய ஆகாயத்தாமரையைக் கழியால் தள்ளுவார். ஷட்டரைத் தூக்குவார். கரை எங்கே கசிகிறது என்று பார்ப்பார். தலைமடைக்காரர் மடையை அகலமாக வெட்டிவிட்டால் சண்டை போட்டு அடைப்பார். அவர் வேலையின் லட்சணத்தைத் தலைமடையில் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது, அங்கே எப்போதும் தண்ணீர் நிறையத்தான் ஓடும்.

உங்களை நான் லஸ்கராக இருக்கச் சொல்கிறேன். நீங்கள் நடவு ஆளாகப் போய்விட்டீர்கள்.

மூட்டை பிடிப்பதைச் சொல்கிறேன். உங்கள் மனசு எனக்குப் புரிகிறது. ஆனால் லோடுமேன்களுக்கு மூட்டைக் கணக்கில் கூலி. நீங்கள் நடுவில் நுழைந்தால் அவர்கள் தாளம் கெடும், கணக்கும் குழம்பும். சின்ன முதலாளி முதுகு பிடித்துக்கொண்டால் யார் பதில் சொல்வது என்ற பயம் வேறு. அந்த அரை மணி நேரத்தில் லாரி நிற்கிற இடத்துச் சேற்றில் நாலு லோடு செம்மண் கொட்ட ஏற்பாடு செய்திருந்தால், அது அவர்களுக்குச் செய்த சேவை.

இன்னொன்றும் இருக்கிறது. பயிற்சி வகுப்பில் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள், ஏனென்றால் அந்தப் பாடம் அமெரிக்காவில் எழுதப்பட்டது. ‘சேவகன்’ என்ற சொல்லை டெல்டாவில் முதலாளி வீட்டுப் பிள்ளை தன் மேல் போட்டுக்கொள்வது லேசான காரியம் இல்லை. பண்ணையாள் முறை இருந்த மண் இது. 1952இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புக்கென்று தனியாகச் சட்டம் போட வேண்டியிருந்தது. 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் கூலிக் குடும்பத்து ஆட்கள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள், அதற்குப் பின்னால் இருந்ததும் கூலிப் பிரச்சினைதான். உங்கள் ஆலையில் வேலை செய்கிறவர்களில் சிலருடைய தாத்தாவோ பாட்டியோ அந்த நாளையும், அதற்கு முந்தைய, சாணியைக் கரைத்துக் குடிக்கவைக்கிற சாணிப்பாலையும் சவுக்கடியையும் பார்த்தவர்களாக இருக்கலாம். முதலாளி மகன் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டால் அவர்கள் உடனே நெகிழ்ந்துவிட வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். இது எத்தனை நாளைக்கு, இதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று யோசிக்கிற உரிமை அவர்களுக்கு உண்டு. சாப்பிடுவதை நிறுத்தச் சொல்லவில்லை. அதைக் கணக்கில் வைக்காதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

என்னுடைய முட்டாள்தனம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த ஆலோசனைத் தொழிலுக்கு வந்த புதிதில் திருச்சிப் பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் யோசனைப் பெட்டி ஒன்று மாட்டினேன். பூட்டெல்லாம் போட்டு, அழகாக எழுதி. ஆறு மாசம் கழித்துத் திறந்தால் உள்ளே பழைய பஸ் டிக்கெட்டுகள், ஒரு மிட்டாய்க் காகிதம், ஒரே ஒரு சீட்டு. ‘கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை.’ நானும் முதலாளியும் சிரித்தோம். உற்பத்தி பற்றி யோசனை கேட்டால் இப்படி எழுதுகிறார்களே என்று என் அறிக்கையில் ஒரு வரி வேறு எழுதினேன். இரண்டு வருஷம் கழித்து அந்தப் பட்டறை ஃபோர்மேன் ஒரு கல்யாணத்தில் என்னைப் பார்த்துச் சொன்னார்: “சார், அந்தச் சீட்டை எழுதினது நாந்தான். தாழ்ப்பாள் போடுறாங்களான்னு பட்டறையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. போட்டிருந்தா, வெல்டிங் ராடு திருட்டைப் பத்தி எழுதலாம்னு இருந்தோம்.”

இருபது ரூபாய்த் தாழ்ப்பாள். அவர்கள் எங்களைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், நாங்கள் தோற்றிருக்கிறோம். உங்கள் ஆலையிலும் இப்படி ஏழெட்டுத் தாழ்ப்பாள் தொங்கிக்கொண்டிருக்கும். களம் கூட்டுகிற பெண்கள் உடை மாற்ற இடம் இருக்கிறதா? பீகார்ப் பையன்கள் தங்குகிற கொட்டகையில் மழை ஒழுகுகிறதா? பாய்லர்காரர் ராத்திரி கேஜ் பார்க்கிற இடத்தில் விளக்கு எரிகிறதா? எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா என்பதுதான் கேள்வி.

இனி பணக் கணக்குக்கு வருகிறேன். உங்கள் அப்பாவை நம்பவைக்க அதுதான் உதவும்.

ஷெல்லர் ஓட்டிய அந்த 17 வருஷத்துக்காரரை எடுத்துக்கொள்வோம். ரப்பர் ரோல் தேயத் தேய இடைவெளியைச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். இறுக்கிவிட்டால் அரிசி நொறுங்கும், தளர்த்திவிட்டால் உமி போகாது. பழகியவர்கள் மெஷின் சத்தத்திலேயே கண்டுபிடிப்பார்கள். கீழே ஒரு கை அள்ளி உள்ளங்கையில் பரப்பிப் பார்த்துவிட்டு அரைத் திருகு திருகுவார்கள். இது எந்தக் கையேட்டிலும் இல்லை, கேட்டாலும் அவருக்குச் சொல்லத் தெரியாது. அரசுக்கு அரைத்துக்கொடுக்கிற புழுங்கல் அரிசிக்கு 100 கிலோ நெல்லுக்கு 68 கிலோ அரிசி என்று கணக்கு. அதையே வைத்துக்கொண்டால் 40 டன்னில் 27,200 கிலோ அரிசி. புது ஆள் கையில் நொய் ஒரே ஒரு சதவீதம் கூடினால் 272 கிலோ. முழு அரிசிக்கும் நொய்க்கும் கிலோவுக்கு 15 ரூபாய் வித்தியாசம் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 4,080 ரூபாய். மாதம் 25 நாள் ஓடினால் 1,02,000 ரூபாய். விலை வித்தியாசம் உங்கள் ரகத்துக்கு எவ்வளவோ அதைப் போட்டுப் பாருங்கள். அவர் போன பிறகு நொய் எவ்வளவு வருகிறது என்று உங்கள் எடைப் புத்தகத்தில் இருக்கும். கணக்குப்பிள்ளை அதைச் சம்பளச் செலவோடு சேர்த்துப் பார்த்திருக்க மாட்டார், நொய் தனிப் பக்கத்தில் இருக்கும்.

ஒரு ஆள் நிற்பது இப்படித்தான் ஆலையை அரிக்கும். அவர் ஏன் நின்றார்? ‘காரணம் சொல்லாமல்’ என்று எழுதியிருக்கிறீர்கள். நான் நேரில் பார்க்காதவன், இருந்தாலும் ஒன்றை ஊகிக்கிறேன். சனிக்கிழமைக் கூலி.

சாஃப்ட்வேரில் ஒன்பது பத்து வருஷம் மாதச் சம்பளம் வாங்கியவருக்கு, 10ஆம் தேதி வங்கியில் பணம் விழுவது முன்னேற்றமாகத் தெரியும். வாரக் கூலியில் குடும்பம் நடத்துகிறவருக்கு அது 40 நாள் கடன். முதல் மாசம் என்ன செய்திருப்பார்கள்? மளிகைக் கடையில் பாக்கி, குழுக் கடன் தவணைக்கு வட்டிக்கு வாங்கியது, தீபாவளிக்குத் துணி எடுக்கக் கணக்குப்பிள்ளையிடம் முன்பணத்துக்கு நின்றது. இதை யாரும் உங்களிடம் சொல்லவில்லை என்றால், நீங்கள் யாரையும் கேட்கவில்லை என்று அர்த்தம். அவர்களுக்கு நல்லது என்று நீங்களே முடிவுசெய்து கொடுத்தீர்கள். அப்பா அதட்டி முடிவெடுத்தார், நீங்கள் அன்பாக முடிவெடுத்தீர்கள். கீழே இருக்கிறவருக்கு இரண்டிலும் தன் வார்த்தைக்கு இடம் இல்லை. வாரக் கூலியையும் வங்கி வழியாகவே போடலாமே, கணக்கும் முறையாக இருக்குமே!

உங்கள் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் சத்தம் போட்டதை எழுதினீர்கள். 31 வருஷத்தில் ஒரு சனிக்கிழமையாவது கூலி தவறியதா? தவறியிருந்தால் எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஷெல்லர்காரர் 17 வருஷம் இருந்தது திட்டு வாங்குவதற்காக இல்லை. யார் வீட்டில் பிரசவம், யார் மகளுக்குக் காதுகுத்து என்று அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். நீங்கள் வகுப்பில் படித்ததில் பாதியை அவர் பெயர் தெரியாமலே செய்துவந்திருக்கிறார். மற்ற பாதியை, அதாவது பயத்தையும் பிடித்தத்தையும், நீங்கள் எடுக்காமல் விட்டுவிட்டு, அவர் செய்த நல்ல பாதியை எடுத்துவிட்டீர்கள். கோபப்படாதீர்கள் தம்பி, கடிதத்தைப் படித்தால் அப்படித்தான் தெரிகிறது.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். 1990களில் அமெரிக்க மருத்துவமனைகளில் மருந்து மாற்றிக் கொடுக்கிற தவறுகளை ஏமி எட்மண்ட்சன் என்பவர் ஆராய்ந்தார். நல்ல தலைமை உள்ள பிரிவில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனார். கணக்கில் அங்கேதான் தவறு அதிகமாக இருந்தது. பிறகுதான் புரிந்தது, அங்கே தவறு அதிகமாக நடக்கவில்லை, அதிகமாகச் சொல்லப்படுகிறது. மற்ற பிரிவுகளில் மூடி மறைத்துக்கொண்டிருந்தார்கள். இதை உங்கள் ஆலைக்கு ஏற்கெனவே பொருத்திப் பார்த்திருப்பீர்கள். சரியான வழியில் போனால் அடுத்த மூன்று மாசம் உங்கள் காதுக்கு வரும் புகார் கூடும். அப்பா அதைப் பார்த்து, “பாத்தியா, எல்லாம் கெட்டுப்போச்சு” என்பார். அப்போது பயந்து பின்வாங்காதீர்கள்.

நேரடியாகச் சேவைத் தலைமையை அளந்த ஆய்வும் உண்டு. அமெரிக்காவில் ஒரே உணவகக் குழுமத்தின் 71 கிளைகளில் நடத்தி 2014இல் வெளியிட்டார்கள். மேலாளர் இப்படி நடந்துகொள்கிற கிளைகளில் ஊழியர்களும் ஒருவருக்கொருவர் அப்படியே நடக்கப் பழகுகிறார்கள், வேலையும் வாடிக்கையாளர் கவனிப்பும் நன்றாக இருக்கிறது, விட்டுப்போக வேண்டும் என்ற எண்ணம் குறைகிறது என்று கண்டார்கள். ஆனால் இந்தத் துறையில் பெரும்பாலானவை கேள்வித்தாள் கொடுத்து எடுத்த ஆய்வுகள். லாபம் நன்றாக வருகிற இடத்தில் முதலாளி நல்லவராக இருப்பதும் சுலபம்தானே. எது முந்தி, எது பிந்தி என்று பிரிப்பது கஷ்டம். அதனால் ‘இத்தனை சதவீதம் லாபம் கூடும்’ என்று யாராவது சொன்னால், கட்டணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

நம் தஞ்சை வட்டாரத்துக் கருவேலியில் 1925இல் பிறந்த வி. கிருஷ்ணமூர்த்தி 1980களில் மாருதி தொழிற்சாலையைக் கட்டியெழுப்பியபோது, அதிகாரி முதல் தொழிலாளி வரை எல்லோருக்கும் ஒரே சீருடை, ஒரே கேன்டீன் என்று வைத்தார்கள். சுசூகிக்காரர்களின் வழக்கம். அன்றைய இந்தியத் தொழிற்சாலைகளில் அது பெரிய அதிர்ச்சி. உங்கள் மதியச் சாப்பாட்டுக்கு அதைவிட நல்ல முன்மாதிரி கிடைக்காது. அதே நிறுவனத்தின் மானேசர் ஆலையில் 2012 ஜூலையில் கலவரம் வந்து ஒரு மேலாளர் உயிரே போனது. அதற்குக் காரணம் பல சொல்வார்கள். நிரந்தரத் தொழிலாளிக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் இருந்த சம்பள வித்தியாசம் அங்கே நெடுநாள் மனக்குறை. ஒரே சட்டை போட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்கிறவனுக்கு வேறு சம்பளம் என்றால், சட்டை ஒன்றாக இருப்பதே உறுத்தும். உங்கள் பன்னிரண்டு பீகார்க்காரர்களுக்கு உள்ளூர்க்காரர் கூலி கிடைக்கிறதா, நடுவில் ஏஜென்ட் எவ்வளவு எடுக்கிறார் என்று பாருங்கள். டீயைவிட இது அவசரம்.

செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து எல்லோரும் நிற்கும்போது, கணக்குப்பிள்ளையையும் முடிந்தால் அப்பாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சேதத்துக்குக் கூலிப் பிடித்தம் இனி கிடையாது என்று சொல்லுங்கள். யாராவது இந்தியிலும் சொல்லட்டும். விளக்கம் கேட்காமல் இஷ்டத்துக்குப் பிடிக்கச் சட்டத்திலும் இடமில்லை என்பதை அப்பாவிடம் தனியாகச் சொல்லுங்கள், ஆட்கள் முன்னால் வேண்டாம். கெட்டதை முதலில் வந்து சொன்னவருக்கு அன்று உங்கள் முகம் எப்படி இருக்கிறது என்பதை 38 பேரும் பார்ப்பார்கள். அங்கே கோபம் தெரிந்துவிட்டால் இன்னொரு வருஷம் காத்திருக்க வேண்டியதுதான்.

பிறகு ராத்திரி ஷிஃப்ட். நீங்கள் சாப்பிட உட்காருவது பகல் ஒரு மணிக்கு. பம்ப் நின்றது ராத்திரி 2 மணிக்கு. உங்கள் ஆலையின் கடைமடை அதுதான். வாரத்துக்கு இரண்டு நாள் ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் போய்க் கால் மணி நேரம் நில்லுங்கள். ‘குறை ஏதும் இருக்கா’ என்று கேட்காதீர்கள், ‘ஒண்ணுமில்ல தம்பி’ என்றுதான் வரும். ‘இந்த வாரம் வேலைக்கு எது இடைஞ்சலா இருந்துச்சு’ என்று கேளுங்கள். ஒரு நோட்டில் எழுதுங்கள், மறுநாள் மதியத்துக்குள் ஒன்று செய்துமுடியுங்கள், இல்லையென்றால் எப்போது முடியும், ஏன் முடியாது என்று சொன்னவரிடமே போய்ச் சொல்லுங்கள். ‘முடியாது’ என்ற பதிலைக்கூட மனுஷன் பொறுத்துக்கொள்வான், பதிலே இல்லாததைத்தான் பொறுக்க மாட்டான். பாய்லர்காரருக்கும் இப்போது ஷெல்லர் ஓட்டுகிறவருக்கும் ஆளுக்கு 2,000 ரூபாய் வரை, யாரையும் கேட்காமல் சாமான் வாங்கிக்கொள்ள அனுமதி கொடுங்கள். பில்லைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கணக்குப்பிள்ளை முகம் சுளிப்பார். இதுவரை எல்லாச் செய்தியும் அவர் வழியாக வந்தது, அதில்தான் அவருக்கு மரியாதை. அவரைப் பகைக்காதீர்கள். நொய்க் கணக்கை மாதாமாதம் எடுத்துத் தரும் பொறுப்பை அவரிடம் கொடுத்தால், அந்த எண் குறைவதில் அவருக்கும் பெருமை வந்துவிடும்.

இதெல்லாம் செய்தால் தலையில் ஏறி உட்கார்ந்துவிடுவார்களா என்றால், சிலர் பார்ப்பார்கள். பாய்லர் முன்னால் குடித்துவிட்டு வந்து நின்றால் அன்றைக்கே வெளியே அனுப்புங்கள். அங்கே இரக்கம் காட்டினால் மற்ற 37 பேர் உயிருக்குச் செய்கிற துரோகம். லஸ்கர் தலைமடைக்காரரோடு சண்டை போடுவார் என்று முதலிலேயே சொன்னேன். நல்ல பெயர் எடுக்க வேண்டும் என்ற ஆசை உங்களுக்குக் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது என்று நினைக்கிறேன், அதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

ஒரு பருவம் பொறுங்கள். சம்பா முடியும்வரை லாபத்தைப் பார்க்காதீர்கள். நொய் எத்தனை சதவீதம், திரும்பி வந்த லோடு எத்தனை, நின்றுபோன ஆள் எத்தனை, நோட்டில் எழுதி முடிக்காமல் கிடப்பது எத்தனை என்ற நாலு எண்களைப் பாருங்கள். அடுத்த குறுவை நெல் ஈரத்தோடு வந்து இறங்கும்போது, கெட்டுப்போகிற நேரத்துக்கு முன்னால் யாராவது உங்கள் வீட்டுக் கதவைத் தட்டுகிறாரா என்று தெரிந்துவிடும்.

ஷெல்லர்காரர் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வாருங்கள். அப்பாவுக்கு உடம்பு இடம்கொடுத்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். திரும்பி வா என்று கேட்பதற்கு முன்னால் ஏன் போனார் என்று கேளுங்கள். என் ஊகம் தப்பாகக்கூட இருக்கலாம்.

கடைசியாக ஒன்று. நெல் புளித்தது, லோடு திரும்பியது, அப்பா சொன்னது என்று எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். அந்த பம்ப்பின் சீலை மாற்றியாகிவிட்டதா என்று மட்டும் எழுதவில்லை. பாய்லர்காரர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.